ஒளிக்கண்ணும் வெப்பக்கண்ணும்

இருட்டில் படுத்திருக்கும் ஒரு கறுப்பு மாட்டை நமக்குக் காட்டிக்கொடுப்பது எது? வெளிச்சமா, வெப்பமா?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது ஒரு போகிப் பண்டிகையின் விடியற்காலையில். நான் குடியிருப்பது ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை. விமானப் படை நிலையம் உள்ள ஊர் என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வரும் அத்தையை அழைத்துவர ஆவடி ரயில் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். தெருவெங்கும் பழைய பாய்களும் கந்தல்களும் எரிந்துகொண்டிருந்தன. ஒரே புகை. வண்டியின் விளக்கைப் போட்டேன். சாலை தெரியவில்லை, எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் எழுந்து நின்றது. மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் நடுச்சாலையில் படுத்திருந்த மாடு, முன் சக்கரத்துக்கு இரண்டு முழ தூரத்தில் வரும்வரை கண்ணில் படவில்லை. பிரேக் பிடித்ததில் வண்டி சரிந்தது. முழங்கையில் நல்ல சிராய்ப்பு. மாடோ எழுந்திருக்கவும் இல்லை. தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் அசைபோடத் தொடங்கியது.

கீழே கிடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அந்தக் குளிரில் மாட்டின் உடல் சூடு என் கையில் இதமாக உறைத்தது. கண் தவறவிட்ட மாட்டைத் தோல் கண்டுபிடித்துவிட்டது! ஆனால் மிகவும் தாமதமாக. அந்தச் சூட்டை முப்பது அடிக்கு முன்பே பார்க்கும் ஒரு கண் எனக்கு இருந்திருந்தால்?

எனக்கு நேர்ந்தது சிராய்ப்பு மட்டுமே. 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு, கோவை மாவட்டம் நவக்கரை அருகே தண்டவாளத்தைக் கடந்த மூன்று காட்டு யானைகள் மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த விரைவு ரயில் மோதி இறந்தன. ஓடும் ரயிலை என் ஸ்கூட்டரைப் போல நிறுத்திவிட முடியாது. பிரேக் போட்ட பிறகும் அது பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே அங்கே, யானையை நேரத்தோடு பார்ப்பது உயிர்ப் பிரச்சினை.

இப்படிப் பார்ப்பதற்கு இன்று இரண்டு வகைக் காமிராக்கள் உண்டு. ஒன்று ஒளியைப் பார்ப்பது. மற்றது வெப்பத்தைப் பார்ப்பது. இரண்டும் தனித்தனியே குறையுள்ளவை. இரண்டு படங்களையும் சேர்த்து ஒரே படமாக்கினால் என்ன? கேட்க எளிதாக இருக்கிறது. செய்யப் போனால்தான் தெரிகிறது, எந்த இடத்தில் எந்தக் கண்ணை நம்புவது என்பதே இதில் உள்ள பெரிய சிக்கல் என்று. அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

கடன் வாங்கிய ஒளியும் சொந்த ஒளியும்

இந்தப் பக்கத்தை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் ஒளி தாளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணை அடைகிறது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கை அணைத்தால் தாளும் மறைந்துவிடும்.

ஆனால் உண்மையில் தாளும், மேசையும், நீங்களும், அந்த மாடும் எந்நேரமும் கதிர்களை வீசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பொருளின் வெப்பநிலை தனிச் சுழிக்கு மேல் இருக்கும்வரை அது கதிர்வீசும். அக்கதிர்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் செய்தி. நம் கண் காண்பது ஏறத்தாழ 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரையுள்ள அலைநீளங்களை மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும்? இதற்கு வீன் விதி என்ற எளிய விதி இருக்கிறது. 2898 என்ற எண்ணைப் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அந்த அலைநீளம் மைக்ரான் கணக்கில் கிடைக்கும். செல்சியஸ் வெப்பநிலையோடு 273 கூட்டினால் கெல்வின். சில விடைகளைப் பாருங்கள்:

சூரியனின் மேற்பரப்பு, 5800 கெல்வின்: 0.5 மைக்ரான்
குமிழ் விளக்கின் டங்ஸ்டன் இழை, 2800 கெல்வின்: 1.03 மைக்ரான்
சூடான இஸ்திரிப் பெட்டி, 473 கெல்வின்: 6.1 மைக்ரான்
மாட்டின் தோல், 306 கெல்வின்: 9.5 மைக்ரான்
மார்கழி அதிகாலையில் தார்ச்சாலை, 295 கெல்வின்: 9.8 மைக்ரான்

மாடும் சாலையும் ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில்தானே கதிர்வீசுகின்றன, எப்படிப் பிரித்தறிவது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் இன்னொரு விதி துணைக்கு வருகிறது. வீசப்படும் மொத்த ஆற்றல் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 306ஐ 295ஆல் வகுத்து, விடையை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 1.16 வரும். அதாவது, பரப்புகள் ஒரே தன்மையுடையவை என்று கொண்டால், மாடு சாலையைவிட 16 சதவீதம் கூடுதலாக ஒளிர்கிறது! புகை மூட்டத்தில் அந்த மாடு ஒரு மங்கிய விளக்கைப் போல எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைக் காணும் கண் எனக்கில்லை, அவ்வளவே.

புகையை அக்கதிர் எப்படிக் கடக்கும்? குளத்தில் நாணல் நிற்கிறது. சிற்றலைகள் நாணல் தண்டில் பட்டுச் சிதறிவிடும். நீண்ட பேரலையோ தண்டு இருப்பதையே பொருட்படுத்தாமல் கடந்துபோகும். புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அரை மைக்ரான் ஒளியை அவை சிதறடிக்கின்றன. என் எதிரே எழுந்த வெள்ளைச் சுவர் அதுதான். பத்து மைக்ரான் அலைக்கு அவை வெறும் நாணல். ஆனால் அடர்ந்த மூடுபனி வேறு கதை. பனித் துளிகளே பத்து மைக்ரான் அளவில் இருப்பதால் வெப்பக் கதிர்களும் அதில் தடுமாறும்.

கண்டுபிடித்த கதை

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் வெளிப்பட்டது.

அதன் பிறகு அமெரிக்கரான சாமுவேல் லாங்லி போலோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். கதிர் பட்டதும் மெல்லிய உலோகத் தகடு சூடாகும். அதன் மின்தடை மாறும். மாற்றத்தை அளந்தால் கதிரின் வலு தெரியும். 1880 வாக்கில் அக்கருவி கால் மைல் தொலைவில் நிற்கும் ஒரு பசுவின் வெப்பத்தைக் கூட உணர்ந்தது என்பார்கள். என் முழங்கைக்கு அன்று தேவைப்பட்டது அதுவே!

இன்றைய வெப்பக் காமிராவுக்குள் இருப்பதும் லாங்லியின் கருத்துதான். ஒரு சில்லின் மேல் லட்சக்கணக்கான நுண்ணிய போலோமீட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 12 முதல் 17 மைக்ரான் அளவுள்ள தகடு. பெரும்பாலும் வனேடியம் ஆக்சைடு பூசியது. இருபதில் ஒரு டிகிரி வேறுபாட்டையும் இவை காட்டும். முன்னால் உள்ள வில்லை கண்ணாடியால் ஆனதல்ல. பத்து மைக்ரான் கதிரைக் கண்ணாடி விடாது. ஆகவே ஜெர்மேனியத்தால் வில்லை செய்கிறார்கள்.

எங்கள் ஆவடிக்கும் இக்கலையோடு உறவு உண்டு. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னர் டி-72 டாங்கிகளும் இங்கே தயாராயின. அவற்றின் தொடக்கக் கால வடிவங்களில் பீரங்கியின் பக்கத்தில் ஓர் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். இருளில் அந்த விளக்கை அடித்து, திரும்பி வரும் கதிரைத் தனிக் கருவியால் பார்க்க வேண்டும். அதே போன்ற கருவி எதிரியிடம் இருந்தால், விளக்கு அடித்தவர் இருக்குமிடம் அவனுக்குத் தெரிந்துபோகும். ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியில் இந்தக் குறை இல்லை. அதன் குறிபார்க்கும் கருவியில் பகல் பார்வையும் வெப்பப் பார்வையும் சேர்ந்தே இருக்கின்றன. வெப்பப் பார்வைக்கு விளக்கே வேண்டாம். எதிரில் உள்ள பொருளின் சொந்தக் கதிரே போதும்.

ஆனால் கவனியுங்கள். இப்படி இரண்டு பார்வைகள் தனித்தனியாக இருந்தால் ஒருவர் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றும் நொடியில் எதையாவது தவறவிடலாம். அதனால்தான் இரண்டையும் ஒரே படமாக்கும் ஆசை பிறந்தது.

இரு கண்ணுக்கும் குருட்டு வேளை உண்டு

வெப்பக் காமிரா இவ்வளவு நல்லதென்றால் அது ஒன்றே போதாதா? போதாது. சாலையோரப் பலகையில் 'ஆவடி 4 கி.மீ.' என்று எழுதியிருக்கிறது. எழுத்தும் பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் வெப்பக் காமிராவுக்கு அது வெறும் பலகை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். மூக்குக் கண்ணாடி அணிந்தவரின் கண்கள் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும்.

இவற்றையெல்லாம்விட வியப்பான ஒரு குறை உண்டு. சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலை 55 டிகிரியைத் தாண்டிச் சுடுகிறது. மாட்டின் தோல் முப்பதுகளில் இருக்கிறது. வெப்பப் படத்தில் வெள்ளைச் சாலையின் மேல் கறுப்பு மாடு. நள்ளிரவுக்குப் பிறகு சாலை ஆறிவிடுகிறது. இப்போது கறுப்புச் சாலையின் மேல் வெள்ளை மாடு. அப்படியானால் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் சாலையும் மாடும் ஒரே அளவில் ஒளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் வெப்பப் படத்தில் மாடு கரைந்து மறைந்துவிடும்! காலையில் சாலை சூடேறும்போது ஒரு முறை, மாலையில் ஆறும்போது ஒரு முறை என இந்தக் குருட்டு வேளை நாளில் இரண்டு முறை வரும். யானைக்கும் இது பொருந்தும். யானையின் தோல் வெப்பநிலை சுற்றுப்புறத்தை ஒட்டியே ஏறி இறங்கும்.

ஒளிக்கண் இருளிலும் புகையிலும் குருடு. வெப்பக்கண் வெப்பம் சமமாகும்போது குருடு. இரண்டும் ஒரே நேரத்தில் குருடாவது குறைவு. சேர்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

பாம்பு காட்டிய வழி

இந்தச் சேர்க்கையை இயற்கை நெடுங்காலத்துக்கு முன்பே செய்துவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியன், மலபார் குழிவிரியன் போன்ற பாம்புகளின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு குழி இருக்கும். அதற்குள் மெல்லிய சவ்வு. இரவில் எலியின் உடல் சூடு அச்சவ்வில் பட்டதும் பாம்பு அறிந்துகொள்ளும். ஆவடிப் பக்கம் வயல்வெளிகளில் காணும் கண்ணாடி விரியனுக்கு இந்தக் குழி கிடையாது.

அமெரிக்காவில் நியூமன், ஹார்ட்லைன் என்ற இரு ஆய்வாளர்கள் குழி உள்ள கிலுகிலுப்பைப் பாம்பின் மூளையை ஆராய்ந்து 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியும் குழியிலிருந்து வரும் செய்தியும் மூளையின் ஒரே பகுதியில் சந்திப்பதை அவர்கள் கண்டார்கள். சில நரம்பணுக்கள் இரண்டில் ஏதேனும் ஒன்று வந்தாலும் துடித்தன. சில, இரண்டும் ஒன்றாக வந்தால் மட்டுமே துடித்தன. வேறு சிலவற்றில் ஒரு செய்தி இன்னொன்றை வலுப்படுத்தியது, அல்லது அடக்கியது. பாம்பு இரண்டு படங்களை வெறுமனே கூட்டவில்லை; இடத்துக்கு ஏற்றபடி பல வகையாகச் சேர்க்கிறது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுச் சேர்ப்போம்

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் கட்டம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. ஓர் இரவுச் சாலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒளிப் படத்தில் மாடு 22, சாலை 20. வேறுபாடு வெறும் 2, கண்ணுக்குத் தெரியாது. வெப்பப் படத்தில் மாடு 200, சாலை 120. வேறுபாடு 80, பளிச்சென்று தெரியும். விளக்கு பட்ட ஊர்ப் பலகை ஒளிப் படத்தில் எழுத்து 230, பின்னணி 60. வெப்பப் படத்தில் இரண்டும் 120.

முதல் யோசனை, சராசரி. மாடு 111, சாலை 70. எழுத்து 175, பின்னணி 90. மாடும் தெரிகிறது, எழுத்தும் தெரிகிறது. ஆனால் வேறுபாடு 80லிருந்து 41 ஆகவும், 170லிருந்து 85 ஆகவும் குறைந்துவிட்டது. பாலில் தண்ணீர் கலந்த கதைதான்.

இரண்டாவது யோசனை, எது பெரியதோ அதை எடுப்பது. மாடு 200, சாலை 120. எழுத்து 230, பின்னணி 120. அருமையாக இருக்கிறது! ஆனால் இதே முறையைச் சித்திரை நண்பகலுக்குக் கொண்டுபோங்கள். வெப்பப் படத்தில் பலகை முழுவதும் 240. இப்போது எழுத்தும் 240, பின்னணியும் 240. வெட்ட வெளிச்சத்தில் இருந்த எழுத்து அழிந்துவிட்டது!

ஒரே விதி எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்குகிறது. 1983இல் பர்ட், அடெல்சன் இருவரும் படத்தைப் பெரிய வடிவங்கள், சிறிய விளிம்புகள் என அடுக்கடுக்காகப் பிரிக்கும் பிரமிடு முறையைத் தந்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த டோட் 1989இல் இத்தகைய பிரமிடால் ஒளிப் படத்தையும் வெப்பப் படத்தையும் சேர்த்துக் காட்டினார். நல்ல முன்னேற்றம். ஆனால் எந்த அடுக்கில் எதை எடுப்பது என்ற விதியை மனிதர்தான் வகுக்க வேண்டியிருந்தது.

விதியைத் தானே கற்கும் வலை

அந்த விதியை இயந்திரமே கற்றுக்கொண்டால்? இதுதான் ஆழ் கற்றல் எனும் முறை. அதன் அடிப்படை நீங்கள் கையாலேயே போடக்கூடிய கணக்கு.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது படப்புள்ளிகளை எடுங்கள். இடப் பத்தி, நடுப் பத்தியில் எல்லாம் 20. வலப் பத்தியில் எல்லாம் 200. இடப் பத்தியை -1ஆல், நடுப் பத்தியை 0ஆல், வலப் பத்தியை 1ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். -60உம் 600உம் சேர்ந்து 540 வரும். எல்லாப் புள்ளிகளும் 20 ஆக இருந்தால் விடை 0. ஆக, இந்த ஒன்பது பெருக்கெண்களும் சேர்ந்து 'இங்கே ஒரு விளிம்பு இருக்கிறது' என்று சொல்லும் சிறு கருவியாகிவிட்டன. இத்தகைய கருவிகளைப் பல அடுக்குகளாக அமைத்து, ஓர் அடுக்கின் விடையை அடுத்த அடுக்குக்குக் கொடுத்தால் அது செயற்கை நரம்பு வலை. முதல் அடுக்கு விளிம்பைக் காணும்; அடுத்தடுத்த அடுக்குகள் விளிம்புகளின் சேர்க்கையை, பிறகு உருவங்களைக் காணும்.

மேலே -1, 0, 1 என்ற எண்களைக் கொடுத்தது நான். வலையில் பல ஆயிரம் முதல் பல லட்சம் பெருக்கெண்கள் இருக்கும். யாரும் உட்கார்ந்து எழுத முடியாது. தொடக்கத்தில் ஏதோ எண்களைப் போட்டு, விடையில் எவ்வளவு பிழை என்று அளந்து, பிழை குறையும் திசையில் ஒவ்வொரு எண்ணையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவார்கள். லட்சக்கணக்கான முறை. இதுவே கற்றல்.

ஆனால் இங்கே ஒரு பெரிய இடைஞ்சல். பிழையை அளக்கச் சரியான விடை வேண்டும். 'இது யானை, இது பாறை' என்று கற்பிக்க விடைத்தாள் தயாரிக்கலாம். ஒளியும் வெப்பமும் சேர்ந்த 'சரியான படம்' எது? அப்படியொன்றை யாரும் பார்த்ததே இல்லையே! விடைத்தாள் இல்லாத தேர்வு இது. ஆய்வாளர்கள் இதற்கு மூன்று வழிகள் கண்டிருக்கிறார்கள்.

முதல் வழியை ஒரு சைக்கிள் கடையில் பார்க்கலாம். புதிதாகத் தொழில் கற்பவர் முதலில் வண்டியைப் பிரித்து மீண்டும் மாட்டக் கற்கிறார். கை தேர்ந்தபின், ஒரு வண்டியின் நல்ல சக்கரத்தையும் மற்றொன்றின் நல்ல சங்கிலியையும் எடுத்து ஒரே வண்டியாக்குகிறார். சீனாவின் ஜியாங்நான் பல்கலைக்கழகத்தின் லி, வூ இருவரும் 2018இல் அறிவித்த டென்ஸ்ஃபியூஸ் வலை இப்படிப்பட்டது. சாதாரணப் படங்கள் பல்லாயிரத்தைக் கொடுத்து, படத்தைக் கூறுகளாகப் பிரிக்கவும் மீண்டும் அதே படமாகக் கட்டவும் முதலில் கற்பித்தார்கள். பிறகு ஒளிப் படத்தின் கூறுகளையும் வெப்பப் படத்தின் கூறுகளையும் கலந்து கட்டச் சொன்னார்கள்.

இரண்டாவது வழியில் இரண்டு வலைகள் போட்டியிடுகின்றன. ஒன்று படம் செய்யும்; மற்றது குறை சொல்லும். 2019இல் வூஹான் பல்கலைக்கழகத்தின் மா குழுவினர் இதைச் செய்தார்கள். பிரகாசம் வெப்பப் படத்தை ஒத்திருக்க வேண்டும். விளிம்பு விவரங்களோ ஒளிப் படத்தில் உள்ளவாறு இருக்க வேண்டும். தவறினால் மதிப்பெண் குறையும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. படம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, அதை வைத்து ஆளையும் வண்டியையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று கேட்பது. 2022 முதல் இவ்வாறு, சேர்க்கும் வலையையும் கண்டுபிடிக்கும் வலையையும் ஒன்றாகவே பயிற்றும் முறைகள் வெளிவந்துள்ளன. ஆளைத் தவறவிட்டால், படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது தோல்விதான்.

மற்றொரு தொல்லை

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறுகிறது அல்லவா? பக்கம் பக்கமாக வைத்த இரண்டு காமிராக்களுக்கும் இதே நிலைதான். ஒளிப் படத்தின் மாடும் வெப்பப் படத்தின் மாடும் சற்று விலகி நிற்கும். அப்படியே சேர்த்தால் ஒரு மாடு இரண்டு மாடாகும்! மேலும் உங்கள் கைப்பேசிக் காமிராவில் கோடிக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள். நல்ல வெப்பக் காமிராவிலோ 640க்கு 512, அதாவது சுமார் மூன்றேகால் லட்சம்தான். எனவே சேர்ப்பதற்கு முன் இரண்டையும் ஒரே அளவாக்கிப் பொருத்த வேண்டும். தென் கொரியாவில் 2015இல் சாலைப் படங்கள் 95,000 இணைகள் எடுத்தவர்கள், ஒளியைப் பிரிக்கும் தகடு ஒன்றை வைத்து இரண்டு காமிராக்களும் ஒரே இடத்திலிருந்து பார்க்குமாறு செய்து இத்தொல்லையைத் தவிர்த்தார்கள். அந்தத் தொகுப்பில் இன்று உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் வலைகளைப் பயிற்றுகிறார்கள்.

மதுக்கரையில் யானைக் காவல்

இப்போது தொடக்கத்தில் சொன்ன தண்டவாளத்துக்கு வருவோம். கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் பாதை மதுக்கரை வனச்சரகத்தில் யானைகளின் வழித்தடத்தைக் குறுக்காக வெட்டுகிறது. அங்கே தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் ஒரு காவல் அமைப்பைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், 24 காமிராக்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு சாதாரணக் காமிரா, ஒரு வெப்பக் காமிரா. யானை பாதையை நெருங்கினால் கணிப்பொறி தானே அறிந்து எச்சரிக்கை அனுப்பும். வனத்துறையினர் யானையைத் திருப்ப விரைவார்கள். ரயில் ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்கலாம்.

ஏன் இரண்டு காமிராக்கள் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். நள்ளிரவில் வெப்பக்கண் காக்கும். பாறையும் யானையும் சம வெப்பமாக நிற்கும் வேளையில் ஒளிக்கண் காக்கும். இரண்டு கண்களை இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கித் தேடலாம். அல்லது தனித்தனியே தேடவிட்டு, இரண்டு பதில்களையும் கடைசியில் சேர்க்கலாம். பாம்பின் நரம்பணு ஞாபகம் இருக்கிறதா? 'இரண்டும் சொன்னால்தான் நம்புவேன்' என்று வைத்தால் வீண் எச்சரிக்கை குறையும். ஆனால் ஒரு கண் குருடான வேளையில் யானை தவறிப்போகும். 'ஒன்று சொன்னாலும் நம்புவேன்' என்றால் யானை தவறாது. ஆனால் மாட்டுக்கும் பாறைக்கும் கூட மணி அடிக்கும். வீணாக அடிக்கும் மணியை நாளடைவில் யாரும் மதிக்கமாட்டார்கள். எதைத் தேர்வது என்பது இயற்பியல் கேள்வி மட்டுமன்று. எந்தத் தவறைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்ற கேள்வியும் கூட.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வலை தான் பார்த்துப் பழகியதைத்தான் அறியும். கொரியத் தெருக்களில் பயின்ற வலைக்கு நம் சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை தெரியாது. போகிப் புகை தெரியாது. நடுச்சாலையில் நிம்மதியாக அசைபோடும் மாடும் தெரியாது. தெரியாத காட்சியில் அது மாட்டைச் சாலையோடு மெழுகிவிடலாம்; இல்லாத விளிம்பைக் கூட வரைந்துவிடலாம். அதுவும் மிகத் தெளிவான, அழகான படமாகத் தரும்! ஆகவே நம் சாலைகளையும் நம் காடுகளையும் நாமே எல்லாப் பருவங்களிலும் படமெடுத்துக் கற்பிக்க வேண்டும். வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

செய்து பாருங்கள்

1. டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் காமிராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஒளி மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கக் காமிராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் காமிராவில் பாருங்கள். இது சுமார் 0.94 மைக்ரான் அகச்சிவப்பு. ஆனால் சூடான டம்ளரை அதே காமிராவுக்குக் காட்டினால் ஒன்றும் ஒளிராது. ஏன்? வீன் விதிப்படி கணக்கிட்டு விடை காணுங்கள்.

2. மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை, அரை மணிக்கு ஒரு முறை, வண்டி வராத முற்றத்துச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வையுங்கள். உங்கள் கையைவிடத் தரை சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகத் தோன்றும் நேரம் எது? உங்கள் முற்றத்தில் வெப்பக்கண்ணின் குருட்டு வேளை அதை ஒட்டித்தான் இருக்கும்.

3. மேலே கண்ட எண்களுக்கு, இரவுக்கும் நண்பகலுக்கும் பொருந்தும் ஒரு விதியை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு சிறு குறிப்பு: எந்த எண் பெரியது என்று பார்க்காமல், எந்தப் படத்தில் பக்கத்துப் புள்ளியோடு வேறுபாடு பெரியது என்று பாருங்கள். அந்த விதி எப்போது தோற்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்று அத்தை ஆவடி நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருந்தார். முழங்கையைப் பார்த்துவிட்டு, "பார்த்து வரக்கூடாதாடா?" என்றார். பார்த்துத்தான் வந்தேன் அத்தை, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.